இருபத்தைந்தாம் புள்ளி

சாந்தாமணி ஈரத்துணியால் கணவனின் முதுகு வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள், ஒற்றும்போது நாலு வருஷமாகக் கண்ணில் படாத தன் தம்பி தயாளனை நினைத்தாள், நினைத்ததும் வையாபுரியின் இடுப்பில், ஆபரேஷன் தழும்புக்கு இடதுபுறம் நெட்டுக்குத்தலாக நின்றிருந்த அக்குபங்சர் ஊசி மெல்ல வடகிழக்கே சாய்ந்தது.

“டாக்டரம்மா, ஊசி சாயுதுங்க.”

“காத்தா இருக்கும். ஃபேன நிறுத்துங்க.”

ஃபேன் நின்ற பிறகும் ஊசி நிமிரவில்லை. ஜெசிந்தா அதை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தினாள். விரலை எடுத்ததும் அது, யாரோ கூப்பிட்டதும் தலையைத் திருப்புகிறவனைப் போல, மறுபடி அதே பக்கம் திரும்பிக்கொண்டது. முழங்கால் மடிப்பிலும் கணுக்காலிலும் முதுகின் மற்ற இடங்களிலும் நின்ற பதின்மூன்று ஊசிகளும் அசையவில்லை.

வையாபுரி எதையும் பார்க்கவில்லை. குப்புறப் படுப்பவர்கள் முகம் வைப்பதற்காகக் கட்டிலில் வெட்டியிருந்த வட்ட ஓட்டை வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்டுத் தரையும், ஜெசிந்தாவின் வெள்ளை ரப்பர் செருப்பும், மனைவியின் வெடித்த குதிகாலும்தான். ஆனால் இடுப்புக்குள் நாலு வருஷமாக ஒரே இடத்தில் குந்தியிருந்த நோவு, வின்ச் கயிறு இறுகுவதைப் போல, ஒரு திசையில் இழுபடுவதை அவர் உணர்ந்தார்.

“இப்ப யாரையாவது நெனச்சியளா?” என்று ஜெசிந்தா, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“என்ற தம்பிய நெனச்சனுங்க.”

“அப்ப அந்தப் பக்கமாத்தான் இருக்கான்.” அவள் கேஸ் ஷீட்டை எடுத்து, மூன்றாவது முறை, இருபத்தைந்தாம் புள்ளி, சாய்வு வடகிழக்கு என்று எழுதிவிட்டு, இருபது நிமிஷம் ஆனதும் ஊசிகளை எண்ணி எடுத்தாள்.

திருச்செங்கோட்டில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழை விட்டதும் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் அங்கிருந்து இரண்டிரண்டாகக் கிளம்பி ராஜஸ்தான், குஜராத், சத்தீஸ்கர், ஒரிசா என்று பேர் தெரியாத ஊர்களின் பேர் தெரியாத வயல்களுக்குப் போய், பூமியில் ஆயிரம் அடி துளை போட்டுவிட்டு அடுத்த மழைக்குத்தான் திரும்பும். ஆகவே வருஷத்தில் ஒன்பது மாதம் வீட்டுக்கு ஒருவர் எங்கோ இருந்தார்கள், எங்கே என்று சரியாகச் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. போர் போட இடம் பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பவர்களையும், நீரோட்டத்துக்கு நேர் மேலே வந்ததும் படுத்திருந்த தேங்காய் தானாக எழுந்து நிற்பதையும் சின்ன வயதிலிருந்தே பார்த்த ஜனங்கள் அவர்கள். தேங்காய் எழுந்து நிற்குமென்றால் ஊசி சாய்வதற்கு என்ன கேடு?

வையாபுரி இருபத்தாறு வருஷம் டிரில்லராக இருந்தவர். பூமியைத் துளைத்து ஓடுகிற ராடின் மேல் உள்ளங்கையை வைத்து, கீழே எழுநூறு அடியில் கரும்பாறையா, செம்மண்ணா, ஈரமா என்று சொல்லிவிடுவார். கம்ப்ரஸர் போடும் சத்தத்தில் பேச்சு செல்லாது என்பதால் ரிக்கில் எல்லாமே கைச் சைகைதான்: கையை மடக்கினால் நிறுத்து, உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்கு. அவருடைய சைகைக்கு லீவரை இயக்கியவன் செகண்ட் டிரில்லர் தயாளன். வண்டி நின்றதும் அதைத் தூக்கி நிறுத்தும் நாலு ஜாக்கிக்கும் அடியில் மரக்கட்டை வைத்து, கட்டையின் மேல் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது அவன் வேலை. அவன் அழுத்திப் பார்த்த பிறகு வையாபுரி மட்டம் வைத்துப் பார்த்ததே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் கேசிங் பைப் விழுந்து அவனுடைய இடது கால் கட்டைவிரல் நகம் போய்விட்டது. பிறகு அது முளைக்கவேயில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரிசாவில் ஒரு சோளக்காட்டில், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத ஒரு மத்தியானம், கயிற்றில் தொங்கிய இருபதடி ராடு இறங்கி வந்து குனிந்திருந்த வையாபுரியின் இடுப்பில் விழுந்தது. இரண்டு கம்பியும் நாலு ஸ்க்ரூவும் வைத்து முதுகெலும்பைக் கட்டினார்கள். காலில் உணர்ச்சி திரும்பியது, நடை திரும்பியது, நோவு மட்டும் போகவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெரிய டாக்டர், எல்லாம் கச்சிதமாகக் கூடியிருக்கிறது, படத்தில் ஒன்றுமில்லை என்றார். படத்தில் ஒன்றுமில்லாத அந்த இடத்தில்தான் வலித்தது. நாலு வருஷமாக அவர் சுவரில் சாத்திய மெத்தைச் சுருட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு போர்வெல் முடிந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து ஊர்க்காரர்கள் ஆடி ஓய்ந்த பிறகு, ரிக்கின் இரும்புத் தட்டில் மல்லாந்து படுத்து, இது எந்த ஜில்லாவின் வானம் என்றுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பாரே, அப்படி ஒரே ஒரு தடவை மல்லாந்துவிட்டால் போதும் என்று ஏங்கினார்.

அதைவிட ஏங்கியது தயாளனைப் பார்ப்பதற்கு. ஏனென்றால் இறக்கு என்று சைகை காட்டியது வையாபுரிதான். உள்ளங்கையை இரண்டு தடவை கீழே அமுக்கிக் காட்டினார், காட்டியதை மறந்தார், ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார். லீவரில் இருந்த தயாளனின் கையை எல்லோரும் பார்த்தார்கள், அவர் கையை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதலாளி கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, “பையன் பாக்காம விட்டுட்டானா வையாபுரி?” என்று கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சாந்தாமணி போனில் தம்பியிடம், “உன்ற கையாலதானடா என்ற வாழ்க்கைய நசுக்கிப்போட்ட” என்றாள். அதற்குப் பிறகு அந்த நம்பர் அடிக்கவேயில்லை.

சைகை காட்டியது வையாபுரிக்கும் தயாளனுக்கும் மட்டுமே தெரியும். சொல்லப்போனால் தயாளனுக்கு இன்னும் தெரியுமா என்பதும் அவருக்குத் தெரியாது.

ஊசி சாய்ந்த மறுவாரம் பக்கத்து வீட்டு ரேவதி அவர்கள் கூடவே வந்தாள். நாக்பூரில் இருப்பதாகச் சொன்ன கணவனை நினைத்து, வையாபுரியின் இடுப்பில் ஊசிக்கு ஒரு சாண் தள்ளி விரலை வைத்தாள். ஊசி வடக்கே சாய்வதற்குப் பதிலாக நேர் மேற்கே, ஈரோட்டைப் பார்த்துச் சாய்ந்தது. ரேவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள். மூன்றாம் நாள் அவள் கணவன், காதோரம் ஒரு கீறலோடு, வீட்டுவாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்கின் மாடிப்படியில் பதினேழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சங்ககிரி ரோட்டில் ரிக் சாமான் கடைக்கு மேலே இருந்தது அந்தக் கிளினிக். ஜெசிந்தா நாகர்கோவில் பக்கத்துக்காரி. இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து, பிறகு அக்குபங்சர் படித்து, இந்த ஊரில் இடுப்பு நோவு இல்லாத ஆணே கிடையாது என்று கேள்விப்பட்டு வந்து கடை போட்டவள். வையாபுரியிடம் முதல் நாளே, “பத்துத் தடவ பாப்போம் அண்ணே. கொறையலாம், கொறையாமலும் போலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றிருந்தாள். ஊசி சாய்ந்த இடத்துக்கு அவளுடைய அக்குபங்சர் படத்தில் நம்பர் இருபத்தைந்து. ஊர் அந்த நம்பரையே பேராக எடுத்துக்கொண்டது. மளிகைக் கடையிலும் ரேஷன் கடையிலும், “உங்களுக்கு இருவத்தஞ்சு எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டார்கள், “ரெண்டு வாரமா வடமேக்குங்க, அசையவே இல்ல, அங்க வேல நல்லாப் போகுதாட்டம் இருக்குது” என்று பதில் சொன்னார்கள்.

பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆன கதிரேசன் கட்டிலை வடக்கு தெற்காகத் திருப்பிப் போட்டு, பாகைமானியை வையாபுரியின் முதுகுக்கு மேலே பிடித்துக் கோணம் படித்தார். சுவரில் இந்தியா படம் ஒட்டி, திருச்செங்கோட்டிலிருந்து ஊசி காட்டும் திசைக்கெல்லாம் ஆளுக்கொரு நூல் கட்டினார். பஸ் கண்டக்டராக இருந்த ராக்கியப்பன் படியின் மேல்முனையில் நின்று டோக்கன் கொடுத்தார், யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் டோக்கனை மட்டும் பார்த்தார், ஒவ்வொரு சாய்வையும் ஸ்டாப்பிங் பேர் சொல்வதைப் போல, “வடக்கு, வடக்கு, லேசா கெழக்கு!” என்று கீழே கத்தினார். ஒரு முதலாளி திருட்டுப்போன வண்டியைக் கேட்டுப் பார்த்தார், சாயவில்லை; ஒரு மாமியார் மருமகளைக் கேட்டாள், சாயவில்லை, அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மனசு கிடந்து தவிக்கிற ஆளுக்கு மட்டும்தான் ஊசி சாய்ந்தது.

அத்தனை தவித்தும் ஒருத்திக்கு அது நேராகவே நின்றது. மாரக்காள் என்ற அந்த அம்மா சத்தீஸ்கருக்குப் போன மகனைக் கேட்டார். ஊசி அசையவில்லை, வையாபுரியின் முதுகுக்குள், பாறை உடைக்கும் ஹேமர் வெறும் பொந்தில் இறங்குவதைப் போல ஒரு வெறுமை ஓடியது. நாலாம் நாள் லாரி விபத்தென்று செய்தி வந்தது. துளை போடுகிற ஜனங்கள், நேர்க்கோடு மண்ணுக்குள்தானே போகும் என்று சொல்லிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நேராக நிற்பது என்ற வார்த்தையை அந்தப் படியில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாரக்காள் மட்டும் காரியமெல்லாம் முடிந்த பிறகும் செவ்வாய், சனி தவறாமல் வந்து ஏழாம் படியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் கேட்கவில்லை. ராக்கியப்பன் அவருக்கும் ஒரு டோக்கன் கொடுத்தார்.

வையாபுரி இத்தனையையும் கால்களாகவே கண்டார். மெட்டி போட்ட கால், மருதாணிக் கால், புது ரப்பர் செருப்பு, சுண்ணாம்பு ஒட்டிய கால், கட்டிலை நெருங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தயங்கி நிற்கிற விரல்கள். ஒவ்வொருத்தியும் விரல் வைக்கும்போது அவளுடைய தவிப்பு அவர் எலும்பில் கயிறு கட்டி இழுத்தது, கயிறு அறுந்த பிறகும் இழுத்த இடம் எரிந்தது.

பத்தாவது முறை முடிந்த அன்று ஜெசிந்தா கேஸ் ஷீட்டை மேஜைமேல் போட்டாள். “இங்க பாருங்க. சாயுத ஊசி நோவப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கும். இருவது நிமிசம் அது நேரா நின்னாத்தான் நோவு எறங்கும். ஆளாளுக்கு வந்து இழுத்தா எப்பிடிப் போவும்? நான் நோவ எடுக்கதுக்கு ஊசி குத்துகேன், ஆளத் தேடதுக்கு இல்ல.”

ஊரில் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். வையாபுரிக்குத் தெரிந்தது மூன்று ஜோடித் தோல் செருப்பும் கதிரேசன் வாத்தியாரின் ஷூவும்.

“கெட்ட எண்ணத்துல சொல்லலீங்க டாக்டர்” என்றது ஒரு தோல் செருப்பு. அது அவருடைய பழைய முதலாளியின் குரல். “மத்த எடத்தையெல்லாம் நல்லாப் பண்ணுங்கொ. அந்த இருவத்தஞ்ச மட்டும் அப்பிடியே உட்டுருங்கொ.”

“ஒங்க இடுப்புலன்னா விடுவியளா?”

செருப்புகள் அசைந்தன. ஒருவர் இருமினார்.

“இருக்கட்டும் டாக்டர்” என்றார் வையாபுரி, ஓட்டைக்குள்ளிருந்து. “அது இருக்கட்டும்.”

ஊர் அதைப் பெரிய மனசு என்றது. அவருக்கு முருங்கைக்காயும் நெஞ்செலும்புச் சாறும் வந்தது, டவுன் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், படியில் இறங்கும்போது சில பெண்கள் குனிந்து அவர் காலைத் தொட்டார்கள். அவர் கூசினார். நோவு போய்விட்டால் ஊசி சாயாது, ஊசி சாயாவிட்டால் தயாளன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாமல் போய்விடும் என்று பயந்துதான் அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் டோக்கன் எப்போதும் சாந்தாமணிக்குத்தான். தயாளனுடைய நூல் ஐந்து மாதம் வடகிழக்கிலேயே கிடந்தது. பிறகு வடக்குக்கு வந்தது. வடமேற்குக்குப் போனது. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய் மேற்கு, சனிக்கிழமை தென்கிழக்கு, அடுத்த செவ்வாய் வடக்கு என்று ஓடியது.

“தூரத்துல போற லாரி நகர்றதே தெரியாதம்மா” என்றார் கதிரேசன் நூலை அவிழ்த்துக்கொண்டே. “கிட்ட வந்தா சர்ருனு தாண்டிப்போகும். கோணம் இத்தன வெரசா மாறுதுன்னா ஆளு பக்கத்துல வந்துட்டான். நம்மள ஒரு சுத்து சுத்திக்கிட்டு இருக்கறான்.”

“பக்கத்துல வந்தவனுக்கு ஊட்டுக்கு வர வழி தெரியலீங்களா?”

வாத்தியார் நூலை வடக்கே இழுத்துக் கட்டினார்.

அன்றைக்குப் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “அன்னிக்கு நான் போன்ல அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. அவன் வேணும்னா செஞ்சான்? ஒரு நிமிசம் கண்ணு அசந்திருப்பான்.”

“சாந்தாமணி…”

“என்னுங்க?”

பஸ் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியது. அவர் பல்லைக் கடித்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல. நோவு.”

ஆவணி முதல் சனிக்கிழமை படி முழுக்கக் கூட்டம். ஓய்வுக்கு வந்த வண்டிகள் திரும்பக் கிளம்பும் காலம் என்பதால், இனிமேல் கேட்கவேண்டியவர்களும் முன்கூட்டியே பழக வந்திருந்தார்கள். ஜெசிந்தா பதினாலு ஊசியையும் இறக்கினாள். சாந்தாமணி விரலை வைத்தாள்.

படியில் உட்கார்ந்திருந்தவர்களின் தவிப்புக்கெல்லாம் லேசாக அங்குமிங்கும் ஆடிக்கொண்டிருந்த ஊசி, அவள் விரல் பட்டதும் ஆட்டம் நின்று, நிமிர்ந்து, நட்ட கம்பம் மாதிரி நின்றது.

“எந்தப் பக்கம்?” என்று ராக்கியப்பன் கதவருகிலிருந்து கேட்டார்.

கதிரேசன் பாகைமானியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டது மட்டும் கேட்டது.

“எந்தப் பக்கம்னு கேட்டனே?”

சாந்தாமணியின் முட்டிகள் தரையில் வந்து இறங்கியதை வையாபுரி ஓட்டை வழியாகப் பார்த்தார். சத்தம் படியிலிருந்து வந்தது. ஏழாம் படியில் மாரக்காள் புரிந்துகொண்டார், புரிந்ததும், தன் மகனுக்கு அழும்போது மிச்சம் வைத்திருந்ததைப் போல, அக்காளின் கைப்பிடித்து வளர்ந்தவனே, அடுத்தவன் நிலத்தில் தண்ணி காட்டினவனே, உன் தாகத்துக்கு யாரடா தண்ணி தந்தது என்று ராகம் போட்டு அழத் தொடங்கினார், சுற்றியிருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பக்கத்துப் படியில் தாடியும் தலைப்பாத்துண்டுமாக நின்றிருந்த ஒரு ஆள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாரக்காளிடம் நீட்டினான், அவர் குடித்துவிட்டு, “நல்லாருப்ப சாமி” என்று சொல்லி மறுபடி அழுதார்.

உள்ளே வையாபுரி அசையாமல் கிடந்தார். மாரக்காளின் மகனுக்கு முதுகுக்குள் ஓடியது காய்ந்த பொந்து. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இது அப்படியில்லை. ராடின் நடுக்கம் திடீரென்று தணிந்து, இரும்பு வழியாக உள்ளங்கைக்கு ஒரு குளிர்ச்சி ஏறுமே, தூசி பறக்கிற துளையின் வாயிலிருந்து முதல் ஈரமண் உருண்டு விழுவதற்கு ஒரு நொடி முன்னால், இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட அவரை ஏமாற்றாத குளிர்ச்சி, அது எலும்பில் வைத்த நாலு ஸ்க்ரூ வழியாகவும் ஏறிக்கொண்டிருந்தது.

“சாந்தாமணி. தேங்கா எங்க எந்திரிச்சு நிக்கும்?”

“இப்ப எதுக்குங்க அது?”

“சொல்லு.”

“தண்ணிக்கு நேரா வந்தா நிக்கும்.” சொல்லி முடித்ததும் அவளுடைய அழுகை நின்றது. முட்டிகள் தரையிலிருந்து எழுந்தன.

“ஓடாத” என்றார் அவர். “தேடிப் போனா எறங்கிப் போயிருவான். கதவ மட்டும் நல்லாத் தொற. நான் ஒண்ணு சொல்லோணும்.”

கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரலை நாலு வருஷமாக அவர் எடுக்கவில்லை. எடுத்தபோது பதினாலு ஊசியும் அதிர்ந்தன. தரையைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் கீழே ரிக் சாமான் கடை வரைக்கும் கேட்டது.

“ராட எறக்கச் சொன்னது நாந்தான். கையக் காட்டிட்டு, காட்டினத மறந்துட்டு, ஸ்பேனர எடுக்கக் குனிஞ்சேன். தயாளன் நான் சொன்னதத்தான் செஞ்சான். ஆஸ்பத்திரில மொதலாளி கேட்டப்ப, இருவத்தாறு வருசம் பேரெடுத்தவன் சைகை தப்பினான்னு சொல்லுவாங்களேன்னு கண்ண மூடிக்கிட்டேன். அவன் மேல தப்பில்ல.”

படியில் ஒப்பாரி பாதியில் நின்றது. சாந்தாமணியின் குதிகால்கள் கட்டிலைவிட்டு ஓரடி பின்னால் போயின. பிறகு இன்னொரு அடி. அவை திரும்பி நின்றதை அவர் பார்த்தார்.

படியில் யாரோ ஏறும் சத்தம்.

“டோக்கன் எத்தன?”

“இருவத்தி மூணுங்க.”

“ஒண்ணே இன்னும் முடியல. நில்லு அங்கயே.”

“எனக்கு ஊசி பாக்க வேண்டாமுங்க.”

“பின்ன எதுக்குப்பா டோக்கன் வாங்கின?” என்றார் ராக்கியப்பன், டோக்கனைப் பார்த்தபடியே.

தரையில் புழுதி படிந்த இரண்டு கால்கள் வந்து ஓட்டைக்கு நேர் கீழே நின்றன. இடது காலில் கட்டைவிரல் நகம் இல்லை.

“எறக்குன்னு காட்டுனீங்கதான மச்சான்?” என்றது குரல்.

“காட்டினேன்.”

“ரெண்டு தடவ.”

“ரெண்டு தடவ.”

“உங்க சைகைய நான் பாத்தனா இல்லயான்னு எனக்கே தெரியாமப் போச்சு.” நகமில்லாத விரல் தரையைத் தேய்த்தது. “ஒரிசாலிருந்து ஒவ்வொரு லாரிக்காரனும் சொல்லிக்கிட்டே இருந்தான். உங்கொக்கா வாராவாரம் உன்னயத்தான் கேக்குதுன்னு. அக்கா கேக்குறது செரி. நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு ஈரோட்டுல ரெண்டு நாளு, நாமக்கல்லுல ரெண்டு நாளுன்னு…”

சாந்தாமணியின் குதிகால்கள் வேகமாக வந்தன. ஈரத்துணி ஒரு முதுகில் பளீரென்று விழும் சத்தம் கேட்டது, இரண்டாவது தடவை கேட்டது, மூன்றாவது தடவை துணி தரையில் விழுந்தது. “எரும! எரும! உனக்கு அழுதுட்டாங்கடா வெளிய!”

“கேட்டேன்க்கா. அந்தம்மாவுக்குத் தண்ணி குடுத்தேன்.”

“யாரும் கட்டில இடிக்காதிய” என்றாள் ஜெசிந்தா. “ஊசி நேரா நிக்கி. இருவது நிமிசம் யாரும் தொடாதிய.”

இருபது நிமிஷம் ஊசி நேராக நின்றது. வையாபுரி தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்குவதைப் போல, ஓசையில்லாமல், படி படியாக நோவு இறங்கியது. கடைசிப் படி தெரிந்ததா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. சாந்தாமணி தம்பியின் தாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்; கணவன் பக்கம் திரும்பவில்லை என்பது அவள் குதிகால்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கேட்க வேண்டியதை அவள் வீட்டுக்குப் போய்க் கேட்பாள்.

“எடுக்கறதுக்கு முன்னால…” இரண்டாம் டோக்கன்காரி தேவகி தயங்கித் தயங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். ராசிபுரத்திலிருந்து வருகிறவள். குஜராத்துக்குப் போன அவள் கணவனிடமிருந்து ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை, இத்தனை மாதமும் அவனுக்காக ஊசி மட்டும்தான் பேசியது. “ஒருக்காப் பாத்துட்டு எடுங்க டாக்டர். இருக்கற பக்கம் தெரிஞ்சாப் போதும். அந்தப் பக்கமாத் தல வெச்சுப் படுத்துக்குவேன்.”

ஜெசிந்தா வையாபுரியைப் பார்த்தாள். “பாக்கட்டும்” என்றார் அவர்.

தேவகி விரலை வைத்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. ஊசி நின்றபடியே நின்றது.

“நோவு இருக்கா அண்ணே?”

அவர் உள்ளே தேடினார். “எங்கயோ தள்ளி இருக்குது. எனக்கு இல்லாத மாதிரி.” பிறகு தேவகியின் கால்களிடம் சொன்னார்: “பயந்துக்காத அம்முணி. இது பொந்து இல்ல. ஒண்ணுமே இல்ல. அவரப் பத்தி இது எதுவும் சொல்லல.”

அவள் விரலை உடனே எடுக்கவில்லை. எடுத்த பிறகு, “பரவாயில்லீங்க” என்றாள். மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், வெளியே போய் ஏழாம் படியில் மாரக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரக்காள் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஜெசிந்தா பதினாலையும் எண்ணி எடுத்தாள். வெளியே பேச்சு ஏறியது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் நோவு திரும்பாதா என்றார் ஒருவர். இருபத்தாறாம் புள்ளியில் குத்திப் பார்க்கலாமே என்றார் கதிரேசன். அப்படியென்றால் இந்த டோக்கன் அடுத்த வாரத்துக்குச் செல்லுமா என்று ஒருத்தி கேட்டாள். செல்லும் என்றார் ராக்கியப்பன், யோசிக்காமல். கீழே ரிக் சாமான் கடையில் நின்று எல்லாம் கேட்ட பழைய முதலாளி வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“மல்லாக்கப் படுத்துப் பாருங்க அண்ணே” என்றாள் ஜெசிந்தா. “மெதுவா.”

வையாபுரி ஒருக்களித்தார். ஒரு கை இடுப்புக்கடியிலும் ஒரு கை தோளுக்கடியிலும் வந்து அவரைத் திருப்பியது. அது தயாளனின் கை. நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் முதுகு தரைப்பக்கம் வந்தது. மேலே சுண்ணாம்பு உரிந்த கூரையும், நின்றுபோன ஃபேனும், ஃபேன் இறக்கையில் ஒரு நூல் ஒட்டடையும் இருந்தன. அவர் அவற்றை, பேர் தெரியாத ஜில்லாவின் வானத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி மூலையில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தயாளன் கட்டிலின் நீளத்தை ஒருமுறை பார்த்தான். வையாபுரியின் முழங்கால்கள் விறைத்து அந்தரத்தில் நின்றன. அவன் தலைப்பாத்துண்டை அவிழ்த்து உதறி, நாலாக மடித்து இறுகச் சுருட்டி, அவற்றுக்கு அடியில் தள்ளினான். பிறகு உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.